சருகில் காத்திருக்கும் எட்டுக்கால்

1957-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்துக் காடுகளில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. சொரபா, சாகர் வட்டாரங்களில் விறகுக்கும் தழைக்கும் போனவர்கள் அழுகல் வாடை வந்த பக்கம் எட்டிப் பார்த்தால், புதரடியில் சாம்பல் மந்தி ஒன்று கிடக்கும். இன்னொரு நாள் நாட்டுக்குரங்கு. பின்னாலேயே மனிதர்களும் படுத்தார்கள். முதல் நாள்வரை மண்வெட்டி பிடித்தவருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு முழுக்க வலி, வாந்தி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். பிழைத்தவர்களும் வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார்கள்.

குரங்கும் மனிதனும் ஒருசேரச் சாகும் காய்ச்சல் என்றதும் பூனாவில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்துக்கு வயிற்றில் புளி கரைந்தது. தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் கிளம்புவது இப்படித்தான்: முதலில் குரங்குகள் விழும், பிறகு மரம் வெட்டப் போனவர்கள் விழுவார்கள். ஆசியாவில் அந்த நோய் வேரூன்றியதே இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வந்திருப்பது அதுதான் என்றால் நாட்டின் கதி என்ன? மையத்தின் இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க்கும் ஹரால்ட் டிராபிடோவும் ஆட்களோடு மலைநாட்டுக்கு விரைந்தார்கள்.

மஞ்சள் காய்ச்சல் இல்லை என்பது சீக்கிரமே தெளிவாயிற்று. செத்த குரங்கிலும் நோயாளிகளின் ரத்தத்திலும் கிடைத்தது ஒரு புது வைரஸ். அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பதோ சைபீரியக் காடுகளில். பரப்பியது கொசுவும் அல்ல, காட்டுத் தரையில் கிடந்த உண்ணி. வைரஸ் கிடைத்த காட்டின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள்: கியாசனூர் காட்டுநோய். ஊர்க்காரர்களுக்கு அது 'மங்கன காயிலே', தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் குரங்குக் காய்ச்சல். இதில் குரங்குக்குக் கொஞ்சம் அநியாயம் நடந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். நோயைக் கொண்டுவருவது அதுவல்ல. நம்மைப் போல அதுவும் கடிபட்டுச் சாகிற கட்சிதான்.

சைபீரியச் சரக்கு சஹ்யாத்ரி மலைக்கு எப்படி வந்தது? வலசை வரும் பறவைகளின் மேல் ஒட்டிக்கொண்டு உண்ணிகள் வந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார நிறுவனம் பணம் தர, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சாலிம் அலி பறவைகளின் காலில் வளையம் மாட்டும் பெரும் திட்டத்தைத் தொடங்கினார். பறவைகள் மீதான குற்றம் கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் இந்தியாவுக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நல்ல பங்கு அந்த வளையங்கள் தந்தது. உண்ணியைத் தேடப் போனதில் கிடைத்த உபரி லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறொரு திசையில் யோசித்தவர் கொலம்பியாவிலிருந்து வந்த மருத்துவர் ஜோர்ஜே போஷெல். வைரஸ் எங்கிருந்தும் வந்திருக்க வேண்டியதில்லை, காட்டுக்குள் எலிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே நெடுங்காலமாக ஓசையின்றிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது அவர் வாதம். காட்டை வெட்டி வயலாக்கினார்கள். வெட்டிய இடத்தில் உண்ணிச்செடி புதராக மண்டியது. வயல்காரரின் மாடுகள் காட்டோரம் மேயத் தொடங்கின. வளர்ந்த உண்ணிக்கு மாடு என்பது காலாற நடந்து வரும் விருந்து. மாடு பெருகியதும் உண்ணி பெருகியது, உண்ணி பெருகியதும் அடங்கிக் கிடந்த நோய் வெளியே வந்தது. காட்டின் நடுவே வாழ்வதை விட, காடும் ஊரும் உரசும் விளிம்பில் வாழ்வதே ஆபத்து என்று 1969-ல் அவர் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது.

உண்ணி பூச்சியினம் அல்ல. சிலந்தி, தேள் வகையறா. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். ஒரு முறை ரத்தம் குடித்துத் தோலுரித்த பின் எட்டுக் கால். கியாசனூர் நோயைப் பரப்பும் முதன்மை உண்ணியான ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா தன் ஆயுளில் மூன்று வேளைதான் சாப்பிடுகிறது. குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, முதிர்ந்த பின் ஒரு முறை. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு புது உடம்பு. குஞ்சும் இளம் உண்ணியும் எலி, அணில், தரைப்பறவை, குரங்கு என்று கிடைத்ததில் ஏறும். முதிர்ந்தது மாடு, மான் போன்ற பெரிய விலங்கைத் தேடும். குடித்து முடித்த பெண் உண்ணி எடையில் பழையதைப் போல நூறு மடங்குவரை ஊதி, பார்வைக்கு ஆமணக்கு விதையாகி, தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும்.

அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது, துரத்தவும் தெரியாது. மரத்திலிருந்து தலையில் விழும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் இல்லை. கணுக்காலில் தொற்றியது மேலே மேலே ஊர்ந்து தலைமுடிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும், கண்டெடுத்தவர் மேலேயிருந்து விழுந்ததாக நினைத்துக்கொள்வார். உண்ணியின் தொழில் காத்திருப்பது. புல் நுனியிலோ தாழ்ந்த இலையின் ஓரத்திலோ ஏறி, பின்கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டியபடி நிற்கும். அந்த முன்னங்கால்களில் ஹாலர் உறுப்பு என்று ஒரு சிறு குழி இருக்கிறது. நாம் விடும் மூச்சுக்காற்றின் கரியமில வாயு, உடல் சூடு, வியர்வை வாடை எல்லாவற்றையும் அதுதான் மோப்பம் பிடிக்கிறது. நாம் உரசிக்கொண்டு போகும் அந்த ஒரு நொடியில் அது இடம் மாறிவிடும்.

ஒரு காட்டில் எவ்வளவு உண்ணி இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடும் முறையைப் பார்த்தாலே இது புரியும். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு கழியில் கட்டிய வெள்ளை ஃபிளானல் துணி போதும். அதைத் தரையோடு தரையாகச் சருகின் மேலும் புல்லின் மேலும் மெல்ல இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். சில தப்படி போய்த் துணியைப் புரட்டிக் குனிந்தால், முதலில் மண்துகள் என்று தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால் துகளில் ஒன்று நகரும். பக்கத்தில் இன்னொன்று. இளம் உண்ணி ஒன்றிரண்டு மில்லிமீட்டர், குஞ்சு அதைவிடச் சிறிது. அவற்றைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போடுகிறார்கள். அதே காட்டில் பழுப்புக் கால்சட்டை போட்டு நடந்தவர் மேல் எத்தனை ஏறியிருந்தாலும் அவர் கண்ணில் ஒன்றும் பட்டிருக்காது. காட்டுக்கு வெளிர்நிற உடை போட்டுக்கொள்ளச் சொல்வதன் காரணம் அவ்வளவுதான். வெள்ளை நிறம் உண்ணியை விரட்டாது, காட்டிக்கொடுக்கும்.

கடிக்கும் விதமும் கொசுவைப் போலில்லை. கொசு நொடிகளில் குத்திவிட்டுப் பறந்துவிடும், நமக்கும் சுருக்கென்று தெரியும். உண்ணி தோலை மெல்ல அறுத்து, பின்னோக்கிய முட்கள் வரிசை வரிசையாக உள்ள வாயுறுப்பை உள்ளே செருகுகிறது. பல இனங்கள் சுற்றிலும் ஒரு பசையைச் சுரந்து தம்மை ஒட்டவும் வைத்துக்கொள்கின்றன. எச்சிலில் வலியை மரக்கச் செய்யும் பொருளும், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும், நம் உடலின் எதிர்ப்பை அடக்கும் பொருளும் கலந்திருக்கின்றன. அதனால் கடிபட்டவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. மூன்று நாள், ஐந்து நாள் என்று குடித்துக்கொண்டே இருக்கும். நோய்க்கிருமி உடலுக்குள் போவது இந்த எச்சிலோடுதான்.

ஆகவே உண்ணியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது பாதி உண்மை. அமெரிக்காவில் பரவலாக உள்ள லைம் நோயை உண்டாக்கும் பாக்டீரியா உடலுக்குள் வர உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். மாலையில் பார்த்து எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். வைரஸ்கள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. கியாசனூர் வைரஸின் அமெரிக்க உறவினரான பொவாசான், சோதனை எலிகளில் 15 நிமிடத்திலேயே உண்ணியிலிருந்து உடலுக்குள் போய்விட்டது. எனவே மலைநாட்டில் எடுப்பதைவிட ஏறவிடாமல் பார்ப்பதற்கே மதிப்பு அதிகம்.

அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. மலைநாட்டின் பாக்குத் தோட்டம் காட்டை நம்பி வாழ்கிறது. பாக்கு மரத்தடிக்குப் போடும் தழை, மாட்டுத் தொழுவத்தில் பரப்பும் சருகு, அடுப்புக்கு விறகு, எல்லாம் பக்கத்துக் காட்டிலிருந்து வருபவை. தழை எடுத்துக்கொள்வதற்கென்றே தோட்டக்காரர்களுக்கு உரிமை உள்ள குன்றுகள் உண்டு. 'சொப்பின பெட்டா' என்பார்கள். மழை நின்று சருகு காய்ந்து, ஆட்கள் கூட்டிக் கட்டிச் சுமந்து வரும் காலமும், இளம் உண்ணிகள் பெருகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. நவம்பர், டிசம்பரில் தொடங்கி மே வரை. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே உச்சம். தலையில் சுமந்து வரும் சருகுக் கட்டில் எத்தனை உண்ணி இருக்கும் என்று யார் எண்ணுவது? 'காட்டுக்குப் போகாதீர்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்வது எளிது. காட்டுக்குப் போகாவிட்டால் தோட்டம் ஏது, தொழுவம் ஏது?

அதனால் அங்கே வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் பார்ப்பது குரங்கை. கடிபட்ட குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றுவட்டாரத்தில் பரவிவிடும். அத்தனையும் வைரஸ் ஏறியவையாக இருக்கலாம். செத்த குரங்கு கிடந்த இடத்தைச் சுற்றிச் சுமார் 50 மீட்டருக்கு மாலத்தியான் தூள் தூவுவதும், ஊரை எச்சரிப்பதும், சடலத்தை எரிப்பதும் நடைமுறை. குரங்கை அனுமனாகப் பார்த்து, செத்தால் மாலை போட்டு அடக்கம் செய்யும் ஊர்களில் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். வெறுங்கையால் தூக்க வேண்டாம், தகவல் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். 2012-ன் இறுதியில் பந்திப்பூர் பக்கம் செத்த குரங்குகளைப் பாதுகாப்பு இல்லாமல் கையாண்டு எரித்த வனப் பணியாளர்கள் இதே காய்ச்சலில் விழுந்தார்கள்.

அடுத்தது எண்ணெய். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய டேபா என்ற விரட்டி மருந்தை எண்ணெயாக்கி, கர்நாடக சுகாதாரத் துறை காட்டோர ஊர்களில் இலவசமாகக் கொடுக்கிறது. காட்டுக்குக் கிளம்பும் முன் கை, கால், கழுத்தில் பூசிக்கொள்ள வேண்டும். வியர்வையில் கரைந்துவிடுவதால் சில மணி நேரத்தில் மறுபடி பூச வேண்டும். நல்ல மருந்துதான், ஆனால் சருகுக்குப் போகிறவர் இடுப்பில் கத்தியோடு புட்டியையும் செருகிக்கொண்டு போனால்தான் அது மருந்து. வீட்டு மாடத்தில் இருந்தால் வெறும் எண்ணெய்.

தடுப்பூசியின் கதை இன்னும் சோர்வானது. கோழிக்கரு உயிரணுக்களில் வளர்த்துச் செயலிழக்க வைத்த வைரஸால் ஆன ஊசி, 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்டது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் ஊக்கத் தவணை, அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு வருடம்தோறும் ஒன்று. இரண்டு தவணை தந்த பாதுகாப்பு சுமார் 62 சதவீதம், ஊக்கத் தவணையோடு 83 என்றது 2013-ல் வெளியான ஓர் ஆய்வு. போட்ட இடத்தில் வலி வேறு. இத்தனை முறை கையை நீட்ட எத்தனை கூலிக்காரர் வருவார்? வருடங்கள் போகப் போக ஊசியின் வீரியமும் கேள்விக்குள்ளாகி, 2022-க்குப் பின் அது நிறுத்தப்பட்டது. இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த உண்ணி மூளைக்காய்ச்சலுக்கு ஐரோப்பாவில் தரமான ஊசி இருக்கிறது. ஆஸ்திரியா 1980-களின் தொடக்கத்திலிருந்தே மக்களுக்குப் பரவலாகப் போட்டு நோயை அடக்கியது. மலைநாட்டுக்காரர்கள் அறுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகச் செத்துக்கொண்டிருக்கும் நோய்க்கு இப்போதுதான் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். முயற்சியில் புது ஊசி உருவாகிறது. கடிபடுகிறவர் பையில் பணம் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆண்டுக்குச் சுமார் 400-இலிருந்து 500 பேருக்கு இந்தக் காய்ச்சல் வருவதாகக் கணக்கு. நூறில் மூன்றிலிருந்து ஐந்து பேர் இறக்கிறார்கள். நெடுங்காலம் ஷிமோகாவோடும் அண்டை மாவட்டங்களோடும் நின்றது, 2012-க்குப் பிறகு மலைத்தொடர் நெடுக நடக்கத் தொடங்கியது. பந்திப்பூர் வந்தது, நீலகிரியில் செத்த குரங்குகளில் வைரஸ் உறுதியானது, வயநாட்டில் 2015-இல் நோயாளிகள் நூறைத் தாண்டினார்கள். வடக்கே கோவாவின் சத்தரி வட்டத்திலும் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலும் முந்திரி பொறுக்கப் போனவர்கள் படுத்தார்கள். காட்டில் தேனும் கிழங்கும் எடுக்கும் காட்டுநாயக்கர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், காட்டோரம் மாடு மேய்ப்பவர்கள், இவர்கள்தான் முதல் வரிசை. இரண்டாவது வரிசையில் முதுமலைக்கும் வயநாட்டுக்கும் மலையேற்றம் போகும் நகரத்துப் பிள்ளைகள்.

அந்த இரண்டாவது வரிசைக்கு வேலை சுலபம். முழுக்கை, முழுக்கால் உடை. கால்சட்டையின் அடியைச் சாக்ஸுக்குள் செருகிவிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் கீழிருந்து ஏறுகிற பிராணிக்குத் தோல் கிடைக்காமல் துணியின் வெளிப்புறமாகவே ஏற வேண்டிவரும். ஏறுவதைப் பார்த்துத் தட்டிவிடலாம். நடந்தால் பாதையின் நடுவில் நடப்பது. புல் உரசும் ஓரம் உண்ணியின் இடம், ஏனென்றால் மாடும் மானும் போகும் தடம் அதுதான். உட்கார்ந்தால் பாறையில் உட்காரலாம். சருகு மெத்தையில் சாய்ந்து படம் பிடித்துக்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. வெயில் பட்டுக் காய்ந்த வெற்றுத் தரையில் உண்ணி நெடுநேரம் தாக்குப்பிடிக்காது, உலர்ந்து செத்துவிடும். ஈரச் சருகின் நிழல் அதற்கு வேண்டும்.

விரட்டிக் களிம்பு வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். டீட் அல்லது பிக்காரிடின் 20 சதவீதமாவது இருந்தால் உண்ணிக்கு எடுபடும். நம் கடைகளின் கொசுக் களிம்புகளில் பல அதற்கும் கீழே. பெர்மெத்ரின் என்பது வேறு ரகம்: உடலுக்குப் பூசுவதல்ல, துணிக்கும் காலணிக்கும் தெளித்துக் காயவைப்பது, அதன் மேல் ஊரும் உண்ணியைக் கொல்லும். வெளிநாடுகளில் காடு திரிபவர்களும் ராணுவத்தாரும் இதைத்தான் நம்புகிறார்கள். வீட்டில் பூனை இருந்தால் ஈரத்துணியை அதன் பக்கம் விடக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

திரும்பி வந்ததும் நேராகக் குளியலறை. போட்டிருந்த உடையைக் கட்டிலில் வீசாமல் கொதிக்கும் நீரில் ஊறப்போட வேண்டும். சாதாரணத் தண்ணீரில் அலசினால் உண்ணி ஜாலியாகப் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டால், ஊர்ந்துகொண்டிருக்கும் ஒட்டாத உண்ணிகள் தேய்க்கும்போதே போய்விடும். ஒட்டியவற்றைக் கண்ணாலும் விரலாலும் தேட வேண்டும்: அக்குள், காதுமடலின் பின்புறம், தொப்புள், இடுப்புக் கயிறு கிடக்கும் இடம், தொடையிடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு, தலைமுடி. குழந்தைகளுக்குப் பெரியவர்கள் பார்க்க வேண்டும். தன் முதுகை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்பதால் இதில் கூச்சம் உதவாது.

ஒன்று ஒட்டியிருந்தால்? இங்கேதான் ஆளாளுக்கு வைத்தியம். மண்ணெண்ணெய் சொட்டு, சுண்ணாம்பு தடவு, தீக்குச்சியால் சுடு, புகையிலைச் சாறு விடு. மேல்நாட்டிலும் நகப்பூச்சு, வாசலின் என்று அவர்களுடைய பாட்டி வைத்தியம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம், உண்ணி தானாகக் கழன்று ஓட வேண்டும். அது ஓடாது, ஒட்டிய பசையும் முள்ளும் விடாது. மூச்சு முட்டினாலும் சூடு பட்டாலும் எச்சிலையும் குடலில் இருப்பதையும் இன்னும் கொஞ்சம் உள்ளே கக்க வாய்ப்பு உண்டு, அதாவது எதைத் தவிர்க்க நினைத்தோமோ அது.

வேண்டியது கூர்முனை உள்ள ட்வீசர். நல்ல முள்வாங்கி இருந்தாலும் போதும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் உள்ளே இருப்பது நமக்குள் பிதுங்கும். முனைகளைத் தோலோடு தோலாக வைத்து, அதன் தலை தோலுக்குள் போகும் இடத்தைக் கவ்வி, நேர் மேலே, விட்டுவிடாமல் சீராக இழுக்க வேண்டும். திருகவோ வெடுக்கென்று பிடுங்கவோ வேண்டாம். தோல் ஒரு சிறு கூடாரமாக எழும்பும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் சில நொடியில் விடும். வாயின் துணுக்கு உள்ளே நின்றுவிட்டால் எளிதில் வந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் குடைய வேண்டாம், தோல் தானே வெளியே தள்ளும். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; அந்த ரத்தம் விரலின் கீறல் வழியே போகலாம். ஸ்பிரிட்டில் போட்டு மூடிவிட்டால் முடிந்தது. கடிவாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தேதி எதற்கு என்றால், நோய்கள் தம் நேரத்துக்குத்தான் வரும். கியாசனூர் காய்ச்சல் மூன்றிலிருந்து எட்டு நாளில் தொடங்கும். பத்து, இருபது சதவீதம் பேருக்குக் காய்ச்சல் விட்ட பின் ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டாம் சுற்று வந்து மூளையைத் தொடும். இதற்கென்று தனி மருந்து இல்லை. நீரும் உப்பும் குறையாமல் பார்த்து, ரத்தக்கசிவைச் சமாளிப்பதே சிகிச்சை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு கூடும்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேறிய தமிழர்களுக்கு உண்ணி என்றால் முதலில் காதில் விழுவது லைம். கனெடிகட் மாநிலத்தின் லைம் ஊரில் 1970-களில் குழந்தைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்கியதைத் தாய்மார்கள் விடாமல் கேள்வி கேட்டதால் வெளிவந்த நோய். கிருமியை 1982-ல் வில்லி பர்க்டார்ஃபர் அடையாளம் கண்டார். கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் விரியும் சிவப்பு வளையம் தெரிந்தால், காய்ச்சலுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போகலாம். தொடக்கத்தில் ஆன்டிபயாட்டிக்கில் தீர்ந்துவிடும். அங்கே இன்னொரு விசித்திரமும் உண்டு. லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்த சிலருக்கு, பிறகு ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதுவுமே ஒத்துக்கொள்வதில்லை. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உடம்பெங்கும் தடித்துவிடும், சிலருக்கு மூச்சே அடைக்கும். இதைத் துப்பறிந்த வர்ஜீனியா ஆய்வாளர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் தாமே மலையில் நடக்கப் போய் உண்ணிக் குஞ்சுகளிடம் கடிபட்டு இந்த ஒவ்வாமைக்கு ஆளானவர். மட்டன் பிரியாணிக்கு உயிரை விடும் குடும்பங்களுக்குச் சாக்ஸுக்குள் கால்சட்டையைச் செருக இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கோழிக்கும் மீனுக்கும் தடையில்லை என்பது சிறு ஆறுதல்.

காட்டுப் பக்கமே போகாதவர் வீட்டுக்கும் உண்ணி வரும், நாயோடு. பழுப்பு நாயுண்ணி மற்ற உண்ணிகளைப் போலன்றி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டி உண்ணி பொறுக்கி எறிந்துவிட்டு அது படுக்கும் மூலையை விட்டுவைத்தால், அடுத்த மாதம் அதே கதை. நாய்க்குக் கால்நடை மருத்துவர் தரும் மாத்திரையோ கழுத்துச் சொட்டு மருந்தோ, சுவர் இடுக்குக்கு மருந்தடிப்பு, இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். இந்த நாயுண்ணி பரப்பும் ரிக்கெட்சியா காய்ச்சலில் உள்ளங்கை, உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வரலாம். அம்மை என்றோ டெங்கு என்றோ எண்ணி நாட்கள் போய்விடுவது உண்டு.

தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டிக் குளிர் மாதங்களில் செய்திகளில் அடிபடும் 'உண்ணிக் காய்ச்சல்' வேறு: ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, உண்ணியின் தூரத்து உறவான நுண் சிலந்திப்பேன் ஒன்றின் குஞ்சு. கண்ணுக்கே தெரியாது, புதரிலும் வரப்புப் புல்லிலும் வயலோரத்திலும் இருக்கும். தற்காப்பு என்னவோ ஒன்றுதான்: மூடிய உடை, விரட்டி, புல்லில் படுக்காமை, வந்ததும் குளியல். நோயைக் காட்டிக்கொடுப்பது கடித்த இடத்தில் வரும் வலியில்லாத கருத்த பொருக்கு. அது பெரும்பாலும் அக்குளிலோ மார்பின் அடியிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும், நோயாளிக்கே தெரியாது. சட்டையைக் கழற்றித் தேடாத மருத்துவர் கண்ணில் படாது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்தினால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று காட்டியது. ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும். காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறவர் 'நாலு நாளாச் சுடுது டாக்டர்' என்று நிறுத்திவிடாமல், கடந்த இரண்டு மூன்று வாரத்தில் வயல், புதர், காடு, நாய், மாடு எதனோடு பழகினார் என்பதையும், உடம்பில் கருப்புப் பொருக்கு ஏதும் பார்த்தாரா என்பதையும் சேர்த்துச் சொன்னால், முதல் நாளே சரியான மாத்திரை கைக்கு வர வழியுண்டு.